பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்த கார்கள்

பழைய கார் பார்க்க வருகிறவர்கள் நேராகப் போய் ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். ஹாரனை ஒரு தடவை அமுக்கிப் பார்ப்பார்கள். கண்ணாடியைத் திருப்பித் தலைமுடியை ஒதுக்கிக்கொள்வார்கள். அத்தோடு வண்டி அவர்கள் மனசுக்குள் போய்விடும். அதற்கப்புறம் நாம் சொல்வது எதுவும் காதில் ஏறாது. பெண் பிடித்துப்போய் பஜ்ஜியும் தின்று முடித்த மாப்பிள்ளையிடம் ஜாதகத்தை எடுத்து நீட்டுகிற கதைதான்.

எங்கள் காதர் பாய் அப்படி உட்கார மாட்டார். செருப்பை வெளியே கழற்றிவிட்டுப் பின்சீட்டில் போய் உட்காருவார். கதவைச் சாத்தச் சொல்வார். கண்ணை மூடிக்கொள்வார். ஸ்டியரிங்கில் இருக்கும் என்னிடம் "சுப்பையா, எடு" என்று சொல்லிவிட்டால் வண்டி திரும்பி வந்து நிற்கும்வரை பேச்சு கிடையாது.

"ஓட்டுறவனுக்கு வண்டி பொய் சொல்லும். பின்னாடி உக்காந்திருக்கிறவனுக்குச் சொல்லாது" என்று ஒருநாள் காரணம் சொன்னார். "ஓட்டுறவனுக்கு ஆசை இருக்கு. பின்னாடி இருக்கிறது பொண்டாட்டி, புள்ள, வயசான அம்மா. அவுங்களுக்கு இடுப்பு வலிதான் இருக்கு."

போன மாதம் பாயின் பழைய கார் யார்டுக்குப் போயிருந்தேன். இப்போது அங்கே வேலை பார்க்கிறவர்கள் கையில் டேப்லெட் இருக்கிறது. பெயிண்ட் எவ்வளவு கனமாக இருக்கிறது என்று காட்ட ஒரு சின்ன மெஷினும் வந்துவிட்டது. ரொம்ப நல்லது. வாங்குகிற குடும்பம் ஏமாறாமல் இருந்தால் எனக்கு அதைவிட சந்தோஷம் இல்லை. அவர்கள்தான், "சுப்பண்ணே, இது ஒண்ணும் இல்லாம நீங்க எப்படிப் பாத்தீங்க? எழுதிக் குடுங்களேன்" என்று கேட்டார்கள். நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். என் எழுத்துப் பிழைகளை மருமகள் திருத்தித் தந்திருக்கிறாள். புதுக்கோட்டையில் எங்கள் கோகர்ணத்து அம்பாளை நினைத்துக்கொண்டு தொடங்குகிறேன். அவளை நினைக்காமல் நான் எந்த வண்டியிலும் சாவி போட்டதில்லை.

லாரியில் கிளீனராக ஏறி, டிரைவராக இறங்கியவன் நான். வீட்டில் குழந்தைகள் என் முகத்தை மறக்க ஆரம்பித்தபோது, உள்ளூரிலேயே வேலை தேடி புதுக்கோட்டையில் காதர் பாயின் கார் கன்சல்டிங்குக்கு வந்தேன். பழைய கார்களை வாங்கி விற்கிற இடத்துக்கு எங்கள் பக்கம் கன்சல்டிங் என்றுதான் பெயர்; வாங்க வருகிறவருக்குப் பெயர் பார்ட்டி. டிரையல் ஓட்டுவது என் வேலை. ஓய்வு பெறும் வரைக்கும் அதேதான் என் வேலை.

பாய் கடற்கரைப் பக்கத்துக்காரர். வெளிநாட்டில் ஒர்க்‌ஷாப்பில் இருந்துவிட்டு வந்தவர். உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்று பிறந்ததிலிருந்து பார்த்தவர் என்பதால், மேலே மணப்பெண் மாதிரி ஜொலிக்கிற வண்டியைக் கண்டால் முதலில் குனிந்து அடியில்தான் பார்ப்பார். நான் நெற்றி நிறைய விபூதி, அவர் தலையில் தொப்பி. "ஒங்க ஆத்தாகிட்ட சொல்லி இன்னைக்கு மழைய நிறுத்தச் சொல்லு, பெயிண்ட் காயணும்" என்று என்னைச் சீண்டுவார். ஆனால் யார்டில் சாவி ஏதாவது தொலைந்துபோனால் அவரே மெதுவாக என் பக்கத்தில் வந்து, "அந்த வெல்லம்... வாங்கி வச்சிரேன்" என்பார். ஏதாவது தொலைந்தால், அரைக்காசு அம்மன் என்று நாங்கள் சொல்லும் அதே அம்பாளுக்கு வெல்லம் வைப்பதாக வேண்டிக்கொள்வது ஊர் வழக்கம். சாவி கிடைத்ததும் அந்த வெல்லத்தில் முதல் துண்டு அவருக்குத்தான்.

அவர் கார் பார்க்கிற முறையைச் சொல்கிறேன். விற்கிறவரிடம் எந்த நேரத்துக்கு வருவோம் என்று சொல்ல மாட்டார். காலையில், வண்டி எடுக்காமல் நிற்கும்போது போய் பானெட் மேல் உள்ளங்கையை வைப்பார். சூடாக இருந்தால், "நம்ம வர்றதுக்கு முன்னாடியே யாரோ எழுப்பி விட்டிருக்காங்க" என்பார். குளிர்ந்து கிடந்த எஞ்சின் எப்படி எழுந்திருக்கிறது என்பதை வாங்குகிறவன் பார்க்கக் கூடாது என்றால் அதில் ஏதோ இருக்கிறது. அப்புறம் பின்சீட்டு. வேகத்தடை மேல் நான் வேண்டுமென்றே கொஞ்சம் முரட்டுத்தனமாக ஏற்றி இறக்க வேண்டும். ஆள் இல்லாத நேர்ரோட்டில் ஒரு கணம் கையைத் தளர்த்தி, வண்டி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க வேண்டும். திரும்பி வந்ததும் நாலு கதவையும் ஒவ்வொன்றாகச் சாத்திக் கேட்பார். "அண்ணந்தம்பி நாலு பேரு மாதிரி ஒரே குரல் இருக்கணும்." காலடியில் விரித்த மேட்டைத் தூக்கி, துரு இருக்கிறதா என்று பார்ப்பார். வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்த சேஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, பதிந்த எழுத்தை ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப் பார்ப்பார். எல்லாம் முடிந்த பிறகுதான் பானெட்டைத் திறப்பார். சரியில்லாத வண்டியைக்கூட ஒரு வார்த்தை திட்ட மாட்டார். "நல்ல கார்தான். ஒங்க வீட்டுக்கு வேணாம்." அவ்வளவுதான் அவர் தீர்ப்பு.

இந்த முறையெல்லாம் கையில் இருந்தும் நான் திணறிப்போன ஒரு வண்டி உண்டு.

எங்கள் தெருவில் தவில்காரர் மணி இருந்தார். அவர் மனைவி செல்வி. செல்வியின் அண்ணன் ராமையாதான் நாதஸ்வரம். மச்சானும் மாப்பிள்ளையுமாகச் சேர்ந்து ஒரே செட். நல்ல வாசிப்பு. முகூர்த்த மாதம் வந்தால் ஒரே நாளில் இரண்டு ஊரில் கூப்பிடுவார்கள். வாசிப்பில் குறையே இல்லை. போய்ச் சேருவதுதான் கஷ்டம். தவிலைப் பார்த்ததும் சில பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். ஏற்றினாலும், இறங்கும்போது பட்டு வேட்டி வாழைச்சருகு மாதிரி சுருங்கியிருக்கும்.

ஆலங்குடியில் ஒரு கல்யாணம். பஸ் வழியில் நின்றுபோனது. இவர்கள் மண்டப வாசலில் இறங்கும்போது உள்ளே இருந்து கெட்டிமேளம் கேட்டது. யாரோ ஒரு மகராசன் செல்போனில் கெட்டிமேளத்தைப் போட்டு மைக்கில் பிடிக்க, தாலி ஏறிவிட்டது. ராமையா நாதஸ்வரத்தை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. பந்தியிலும் உட்காரவில்லை. வீட்டுக்கு வந்து ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "தை மொத முகூர்த்தத்துக்குள்ள சொந்த வண்டி நிக்கணும். இல்லைன்னா நான் திருச்சி செட்டோட போயிர்றேன். அவுங்க வேன்ல கூட்டிட்டுப் போறாங்க."

செல்விக்கு ஒரு பக்கம் அண்ணன், ஒரு பக்கம் புருஷன். செட் உடைந்தால் வீடும் இரண்டாகும் என்று அவளுக்குத் தெரியும். கீரனூரில் ஒரு புரோக்கரிடம் வெள்ளி நிறக் கார் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, மூவரும் அம்பாள் சன்னதியில் பூக்கட்டிப் பார்த்தார்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிப் போட்டு, ஒரு சின்னப் பிள்ளையை எடுக்கச் சொன்னார்கள். வெள்ளை வந்தது. வாங்கலாம் என்று அர்த்தம். ராமையா அங்கேயே விழுந்து கும்பிட்டார்.

என்னைக் கூப்பிட்டது வண்டியைச் சோதிக்க இல்லை, வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வர. மணியிடம் லைசென்ஸ் இருந்தது, திருச்சி ரோட்டில் ஓட்டத் தைரியம் இல்லை. கிளம்பும்போது செல்வி மட்டும் தாழ்ந்த குரலில், "சுப்பண்ணே, சும்மா ஒரு பார்வை பாத்துருங்க" என்றாள்.

கீரனூரில் கார் ஒரு வேப்பமரத்தடியில் நின்றது. மாலை போட்டு, எலுமிச்சம்பழம் கட்டி, உள்ளே அம்பாள் படம் ஒட்டி, சாம்பிராணிப் புகை ஜன்னல் வழியாக வழிந்துகொண்டிருந்தது. நான் பானெட்டில் கை வைத்தேன்.

"சுடுதேங்க?"

"வெயிலுண்ணே" என்றார் புரோக்கர்.

"மரத்தடியில ஏதுங்க வெயிலு?"

"அண்ணே, நீங்க டிரைவரா, டாக்டரா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ராமையா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, "ஆகா! கோயிலுக்குள்ள உக்காந்த மாதிரியே இருக்கு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னால் உட்கார்ந்து கண்ணை மூடினேன். சாம்பிராணிதான். ஆனால் அதற்கு அடியில், சாம்பாருக்கு அடியில் பிடித்துக்கொண்ட பருப்பு மாதிரி, வேறொரு வாசனை. தின்னர். பெயிண்ட் கடை வாசனை.

வண்டியை எடுத்து ஓட்டினேன். குற்றம் சொல்ல முடியாது. கையைத் தளர்த்தினால் நேராகப் போனது. பிரேக் பிடித்தது. சேஸ் நம்பர் சரி, புத்தகம் சரி. என் கையில் இருந்தது ஒரு வாசனை மட்டும். அதுவும் சாம்பிராணிக்கு அடியில். பூ கொடுத்த அம்பாள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, சாம்பிராணி மேல் சந்தேகம் என்று எப்படிச் சொல்வேன்?

மணிக்கு ஒரு பழக்கம். கை சும்மா இருக்காது. டீக்கடை மேசை, பஸ் கம்பி, செல்வியின் எவர்சில்வர் குடம், எதன் பக்கத்தில் நின்றாலும் விரல் தானாகத் தட்டும். "கையக் கொஞ்சம் கட்டிப் போடுங்களேன்" என்று செல்வி சொல்லாத நாள் இல்லை. பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தபோது மணி காரில் சாய்ந்து தட்டிக்கொண்டே சுற்றி வந்தார். திடீரென்று நிறுத்தினார். வலது பக்கம் போய்த் தட்டினார். மறுபடி இடது பக்கம் வந்தார்.

"சுப்பண்ணே, இங்கிட்டு வாங்க. காத வைங்க."

வைத்தேன். "தகரச் சத்தம்தானே?"

"இல்லண்ணே. அங்கிட்டு கணீர்னு இருக்கு. இங்கிட்டு, இந்தப் பின்கதவு ஓரத்துல, கம்முன்னு இருக்கு. வலந்தலையும் தொப்பியும் மாதிரி."

வலந்தலை, தொப்பி என்பது தவிலின் இரண்டு பக்கங்கள். இரண்டுக்கும் நாதம் வேறு. மணி மச்சானைப் பார்த்துக் கேட்டார்: "தவிலுக்கு ரெண்டு பக்கமும் வேற வேற சத்தம் வேணும். காருக்கு எதுக்கு மச்சான்?"

அந்த இடத்தில் கதவு ரப்பரை நான் மெதுவாகப் பிரித்தேன். புரோக்கர் ஓடி வருவதற்குள் பிரித்துவிட்டேன். உள்ளே ஒட்டு தெரியாமல் மறைக்கப் பூசிய பட்டி, நகத்தால் கீறினால் மாவாகக் கொட்டியது. அதற்கு அடியில், கதவை ஒட்டிய இரும்புத் தூணைக் குறுக்கே அறுத்துப் பற்றவைத்த கோடு. ஒரு காரின் முன்பாதியும் இன்னொரு காரின் பின்பாதியும் சேர்ந்து மாலை போட்டுக்கொண்டு நின்றன. எங்காவது பலமாக முட்டினால் பின்சீட்டில் இருப்பவர்களைக் காக்க அந்தத் தூணில் ஒன்றும் இல்லை.

"சின்ன டிங்கரிங்ணே. யாரு வண்டியில இல்ல?" என்றார் புரோக்கர்.

ராமையாவுக்கு முகம் சிவந்துவிட்டது. புரோக்கர் மேல் இல்லை, என் மேல். "அம்பா குடுத்த பூவவிட ஒங்க நகத்துக் கீறல் பெருசாங்க? நாள் இல்ல, தை பொறக்கப் போகுது. அவளுக்குத் தெரியாமலா குடுத்தா?"

என் மகளின் கல்யாணத்தையே நான் அதே சன்னதியில் பூக்கட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்தேன். பூ பொய் என்று என் நாக்கு சொல்லாது. அந்தக் காரில் செல்வியும் பிள்ளைகளும் ஏறுவதையும் என் கண் பார்க்காது. "எதுக்கும் பாய்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருவோம்" என்று மட்டும் சொல்லி, மூவரையும் பஸ் ஏற்றி யார்டுக்குக் கூட்டிவந்தேன்.

பாய் எல்லாவற்றையும் கேட்டார். அவர்களுக்கு டீ வாங்கிவரச் சொன்னார். டீ குடித்து முடித்ததும் ராமையாவின் பக்கம் திரும்பினார்.

"வித்வான்" என்றார். "பூ விஷயத்துல நான் வாய் வைக்க மாட்டேன். அது ஒங்க தாய்க்கும் ஒங்களுக்கும் உள்ளது. எனக்குத் தெரியாதது ஒண்ணு கேக்கிறேன். கச்சேரிக்கு முன்னாடி சாமி கும்பிடுவீங்களா?"

"கும்பிடாம எப்படிங்க?"

"கும்பிட்டுட்டு, சீவாளியச் சரி பாக்காம வாசிப்பீங்களா?"

சீவாளி என்பது நாதஸ்வரத்தில் ஊதுகிற நாணல். செல்வி சிரித்துவிட்டாள். "நல்லா கேட்டீங்க பாய்! சாமி கும்பிடுறது ஒரு நிமிஷம். சீவாளிய ஈரம் பண்ணி, ஊதி, மாத்தி, திரும்ப ஊதி... எங்க அண்ணன் அதுக்கு உக்காந்தா சோறு ஆறிப்போகும்."

"அது சாமி மேல நம்பிக்கை இல்லாமலா?" என்றார் பாய்.

"இல்லைங்க" என்றார் ராமையா மெதுவாக. "அபஸ்வரம் வந்தா அவளுக்குத்தானே அவமானம்" என்றார்.

"அப்ப நல்ல கார்தான். ஒங்க வீட்டுக்கு வேணாம்" என்று பாய் எழுந்து தொழுகைக்குக் கை கால் கழுவப் போய்விட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் லேசானது. இத்தனை வருஷம் அம்பாளைக் கும்பிட்டு வண்டியைத் தொடுகிற எனக்கே அப்படி ஒரு வார்த்தை தோன்றவில்லை. அன்று சாயங்காலம் கோயிலுக்குப் போய், பாயின் குடும்பத்துக்கும் சேர்த்து அர்ச்சனை செய்தேன். அதை அவரிடம் சொன்னேன். "வெல்லம் குடுத்தாங்களா?" என்று கேட்டார்.

ஆனால் வண்டி வேண்டுமே. யார்டில் அவர்களுக்குத் தோதானது எதுவும் இல்லை. அப்போதுதான் ஆலங்குடியில் எண்ணெய்ச் செக்கு வைத்திருந்த ஒரு அம்மா, தன் ஏழு பேர் உட்காரும் காரை விற்கச் சொல்லி ரொம்ப நாளாகக் கேட்டது நினைவுக்கு வந்தது. யாரும் வாங்கவில்லை. காரணம், கலர். பூசணிப்பூ மஞ்சள்.

நாங்கள் சொல்லாமல் போனோம். கார் தூசியோடு கொட்டகையில் நின்றது. மேலே கோழி ஒன்று உட்கார்ந்திருந்தது. பாய் என் காதில், "குளிப்பாட்டாம காட்டுறாங்க. நம்பலாம்" என்றார். அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நாங்கள் கேட்பதற்கு முன்னால் தானே ஆரம்பித்தார்: "ஏசி செத்துப்போச்சு. இடது கண்ணாடி பாதிதான் எறங்கும். மூணாவது கியர் போடயில ஒரு முனகு முனகும், அதட்டுனா விழும். பின்னாடி கடலைத் தோலு கெடக்கும், அள்ள அள்ள வரும். மத்தபடி என் புள்ள மாதிரி."

பானெட் சில்லென்று இருந்தது. சாவி போட்டதும் சாதாரணமாக எழுந்துகொண்டது. பாய் பின்சீட்டில் கண்ணை மூடி உட்கார, நான் ஆலங்குடி ரோட்டில் ஒரு சுற்றுப் போய் வந்தேன். உள்ளே கடலை எண்ணெய் வாசனை, அதற்கு அடியிலும் கடலை எண்ணெய் வாசனைதான். கதவு நாலும் ஒரே குரல். மணி இந்தத் தடவை தவில் வாசிக்கும்போது போடுகிற கூடுகளை விரலில் மாட்டிக்கொண்டு, முன் விளக்கிலிருந்து டிக்கி வரைக்கும் தட்டிக்கொண்டே போய், மறு பக்கமாகத் திரும்பி வந்தார். கோழி பறந்து ஓடியது.

"ஒரே நாதம் மச்சான்!"

தவிலை ஏற்றிப் பார்த்தோம். நாதஸ்வரம் படுக்கவைத்தும் இடம் மிஞ்சியது. ராமையாவுக்கு ஒன்றுதான் உறுத்தியது. "இந்தக் கலர்ல போனா ஸ்கூல் வேன்னு நெனச்சு புள்ளைங்க கை காட்டுமே?"

"கை காட்டட்டும். கல்யாணத்துக்குப் போற வண்டி, மஞ்சளா இருந்தா என்னண்ணே? மங்களம்தானே?" என்றாள் செல்வி. "அம்பா வெள்ளப் பூவும் குடுத்தா, மஞ்ச வண்டியும் குடுத்தா."

"பேர் மாறாம சாவி மாறக் கூடாது" என்பது பாயின் இன்னொரு சட்டம். தானே அவர்களோடு ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு அலைந்து, பெயர், இன்சூரன்ஸ் எல்லாம் மாற்றிய பிறகுதான் சாவியைக் கொடுத்தார்.

தை முதல் முகூர்த்தம், அதே ஆலங்குடியில், அதே மண்டபத்தில். முதல் பயணம் என்பதால் நான்தான் ஓட்டினேன். வாழை மரம் கட்டுகிறவர்கள்கூட இன்னும் ஏணியிலிருந்து இறங்கவில்லை, நாங்கள் போய் நின்றுவிட்டோம். மண்டபக்காரர் வெளியே வந்து, "என்னங்க, பொண்ணு வீட்டுக்கு முன்னாடி மேளம் வந்துருச்சு!" என்றார். ராமையா மடிப்புக் கலையாத வேட்டியோடு இறங்கினார். தாலி கட்டுகிற நேரம் நான் வாசலில் வண்டியோடு நின்றேன். உள்ளேயிருந்து கெட்டிமேளம் எழுந்தது. மைக்கில் வந்தது இல்லை, மணியின் கையிலிருந்து வந்தது. கார் கண்ணாடி அதிர்ந்தது. இடது பக்கக் கண்ணாடி தானாகவே மீதிப் பாதியும் இறங்கிவிட்டது. அப்புறம் அதை ஏற்ற நாங்கள் பட்ட பாடு தனிக் கதை.

அதன் பிறகு ஊரில் அவர்களுக்கு மஞ்ச வண்டி செட் என்றே பெயராகிவிட்டது. ராமையா திருச்சிப் பேச்சை எடுக்கவே இல்லை.

நான் ஓய்வு பெற்ற அன்று யார்டில் ஒரு சால்வை, ஒரு பெட்டி லட்டு என்று சின்ன ஏற்பாடு. பேசி முடிக்கும்போது கேட்டில் ஹாரன். மஞ்சள் வண்டி. மணியும் ராமையாவும் இறங்கி, யார்டில் நின்ற கார்களுக்கு நடுவே மல்லாரி வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். சாமி புறப்பாட்டுக்கு வாசிப்பது. "எனக்கு எதுக்கப்பா இதெல்லாம்" என்று நான் கும்பிட்டுக்கொண்டே அழுதேன். பாய் கடிகாரத்தைப் பார்த்து, "அசர் தொழுகைக்கு நேரமாகுது, சுருக்கா முடிங்கப்பா" என்றாரே தவிர, அவர் கால் விரல் தாளம் போட்டுக்கொண்டிருந்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

என்னை வீட்டில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார்கள். பழக்கத்தில் நான் டிரைவர் கதவைத் திறந்தேன். பாய் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இன்னைக்கு நீ பார்ட்டிப்பா. பின்னாடி போ."

செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்சீட்டில் ஏறினேன். காலுக்கு அடியில் கடலைத் தோல் இன்னும் ஒன்று இரண்டு நெறுநெறுத்தது. பக்கத்தில் செல்வி, மடியில் லட்டுப் பெட்டி. மணி இப்போது திருச்சி ரோட்டிலும் ஓட்டுகிறார். கோகர்ணம் போகிற வழியில் வேகத்தடை மேல் ஏற்றி இறக்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அழுகிறேன் என்று செல்வி நினைத்திருப்பாள்.

"மணி" என்றேன்.

"சொல்லுங்கண்ணே."

"இடது பின்சக்கரத்துல பேரிங் பேசுது. நாளைக்கே பாத்துரு."

மணி கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். "எனக்குப் போன வாரமே கேட்டுச்சுண்ணே. இன்னைக்கு நீங்க சொல்றீங்களான்னு பாக்கத்தான் அப்பிடியே ஓட்டிட்டு வந்தேன்."